டாலிச் சக்கரத்தில் மல்லிகை நூல்

எங்கள் வீட்டு வாசல் கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு சக்கரத்தை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம், கறுப்பு நிறம், நடுவில் இரும்புக் குழல். தூரத்திலிருந்து பார்த்தால் வட்டமாகத்தான் தெரியும். கையில் எடுத்துத் தடவினால்தான் ஒரு பக்கம் மழுங்கி, கன்னம் ஒட்டிப்போன முகம் மாதிரி இருப்பது தெரியும். புக்கிட் மேராவில் பதினோராவது மாடி என்றால் காற்றுக்குக் கேட்க வேண்டுமா? மருமகள் அந்தச் சக்கரத்தைப் பார்க்கச் சகிக்காமல், ரப்பரில் செய்த பூனை ஒன்றை வாங்கி வந்து கதவுக்கு அடியில் வைத்தாள். பூனை அழகுதான். ஆனால் மழைக்காற்று வந்த அன்று கதவு பூனையையும் இழுத்துக்கொண்டு போய் அறைந்தது. அன்று சாயங்காலமே என் மனைவி பூனையை டிவி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, சக்கரத்தைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். அந்தச் சக்கரம் யாருக்காக நடந்தது என்று அவளுக்குத் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போனது ரெண்டாம் வகுப்பு வரைக்கும்தான். அதனால் எதையும் வரிசையாகச் சொல்ல வராது. இந்தச் சக்கரத்தைப் பற்றிச் சொன்னால் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும், பாயைப் பற்றிச் சொன்னால் வொர்க்‌ஷாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கேயிருந்து நடக்கிற தூரத்தில்தான் அந்த வொர்க்‌ஷாப் இருந்தது. அடிபட்ட கார்களுக்குத் தகடு தட்டி, பெயின்ட் அடிக்கிற இடம். ஆறு கார் நிற்கிற அளவுக்குத்தான் இடம். எங்கள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, அதில் பத்துப் பதினோரு காரை அடைப்பார். டின்னுக்குள் மீன் அடுக்குகிற மாதிரி. ஸ்டீயரிங்கைத் திருப்பி வளைத்து எடுக்க இடம் கிடையாது. அதற்காகத்தான் டாலி வைத்திருந்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டாலி என்றால் இரும்பில் செய்த தாழ்ந்த சட்டம். அதற்கு ரெண்டு கை. கார் டயரின் முன்னாலும் பின்னாலும் அந்தக் கைகளைக் கொடுத்து, காலால் பெடலை மிதித்தால் கைகள் நெருங்கி டயரை இடுக்கித் தரையிலிருந்து தூக்கிவிடும். சட்டத்துக்கு அடியில் எல்லாப் பக்கமும் திரும்புகிற சின்னச் சக்கரங்கள் நாலு. ஒரு காருக்கு நாலு டாலி, ஆகப் பதினாறு சக்கரம். ஏற்றிவிட்டால் அவ்வளவு பெரிய கார் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கும். சக்கரம் நல்லபடியாக இருந்தால் ஒரு ஆள் தோளைக் கொடுத்தால் போதும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை வண்டி தள்ளியவர். வண்டியைத் திருப்புவதற்காகவே நாலு ஆள் மூச்சு வாங்குவார்கள் என்று சொல்வார். இப்போது அந்தப் பக்கம் போனால் ஆபீஸ் கட்டடங்களும் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனும்தான். அப்பா எந்த இடத்தில் நின்று மூச்சு வாங்கினார் என்று கேட்டால் எனக்குக் கைகாட்டத் தெரியாது. சரி, அது வேறு கதை.

பாய்தான் எங்கள் ஃபோர்மன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரைப் பாய் என்பேன். இத்தனை வருஷத்தில் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருடைய வாப்பா நாகூரிலிருந்து கப்பலேறி வந்தவர். குடும்பத்தில் மற்றவர்கள் எல்லாரும் துணிக்கடை, பணம் மாற்றுகிற கடை என்று சுத்தமான தொழிலில் இருக்க, இவர் மட்டும் கிரீஸில் கையை விட்டார். கார் கழுவுகிற வேலையில் சேர்ந்து, தகடு தட்டி, பெயின்ட் கலந்து, கடைசியில் கடைச் சாவி அவர் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது. அந்தச் சாவிக் கொத்தின் சத்தம் கேட்டால் நாங்கள் சிகரெட்டை அணைப்போம். கெட்டியான கண்ணாடி போட்டிருப்பார். சின்னத் திருகாணியோ மெல்லிய கீறலோ பார்க்க வேண்டும் என்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். அது ஏதோ அவருடைய ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

டாலிச் சக்கரத்தின் மேல் அவருக்கு ஒரு தனிக் கண். சனிக்கிழமை வேலை முடிந்ததும் டாலியைக் கவிழ்த்துப்போட்டு, சக்கரத்தின் அச்சில் சுற்றியிருக்கிற நூல், முடி, மாஸ்கிங் டேப் துண்டு எல்லாவற்றையும் மூக்கு பிளையரால் பிடுங்கி எடுப்பார். பெயின்ட் கடையில் அது தீராது. துடைக்கிற துணியிலிருந்து பிரிகிற ஒரு நூல் போதும், அச்சில் சுற்றிச் சுற்றிச் சக்கரத்தை நிறுத்திவிடும். நின்ற சக்கரம் உருளாமல் இழுபடும். இழுபட்ட இடம் தேய்ந்து மழுங்கும். மழுங்கிய சக்கரம் அதே இடத்தில் மறுபடி மறுபடி வந்து உட்காரும். சில பேர் தேய்ந்த ஒன்றை மட்டும் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். பாய் விடமாட்டார். புதுசு ஒரு நகக்கனம் உயரமாக நிற்கும், சட்டம் ஆடும், பாரம் முழுக்க ஒரு காலிலேயே போய் உட்காரும் என்பார். "ஒண்ணு மட்டும் புது மாப்பிள்ளையா வந்து நின்னா மத்த மூணும் வேல செய்யாதுண்ணே" என்று ஒரு பேச்சு உண்டு அவருக்கு. மாற்றினால் நாலையும் மாற்ற வேண்டும், முடிந்தால் பதினாறையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும். அந்த வருஷம் அதைத்தான் தவுக்கேயிடம் மூன்று தடவை கேட்டார். தவுக்கே மூன்று தடவையும் டாலியை எட்டி ஒரு உதை விட்டு, அது உருண்டு போவதைக் காட்டி, "ஓடுதுல்ல லா!" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

இது நடந்து இருபது வருஷம் இருக்கும். அதற்கு முந்தின வருஷம்தான் என் மனைவிக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அவள் எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்கு அலகு குத்தி ரதம் இழுக்கிறேன் என்று முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். அவள் எழுந்தாள், நடந்தாள், சண்டையும் போட்டாள். தைப்பூசம் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மச்சான் ரதம் செய்து கொடுத்தார். இடுப்பு உயரம்தான், மரத்தில் சட்டம், மேலே முருகன் படம், சுற்றிலும் பூச்சரம். வெள்ளிக்கிழமை தள்ளிப் பார்த்தால் அவர் போட்டிருந்த சக்கரங்கள் நாலு திசைக்கும் இழுத்தன. ஒன்று கீச்சென்று கத்தியது. கோயில் கூட்டத்துக்கு நடுவில் இதை எப்படி இழுப்பது?

சனிக்கிழமை மத்தியானம் பாய் சொந்தக்காரர் வீட்டு நிக்காவுக்குச் சீக்கிரம் கிளம்பினார். பெல்ட்டிலிருந்து சாவிக் கொத்தைக் கழற்றி என் கையில் கொடுத்து, "பூட்டிட்டுப் போங்கண்ணே, திங்கக்கெழம வாங்கிக்கிறேன்" என்றார். வேறு யாரிடமும் அவர் அந்தச் சாவியைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் போன பிறகு நான் ஒரு டாலியைக் கவிழ்த்துப்போட்டு அதன் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். திருடவில்லை. திங்கட்கிழமை அவர் வருவதற்கு முன்னால் வந்து மாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவரிடமே கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? அவர் வேறு மார்க்கம், சாமி காரியத்துக்கு டாலிச் சக்கரம் கேட்டால் ஆம் என்று சொல்லவும் முடியாமல், இல்லை என்று சொல்லவும் முடியாமல் தவிப்பார் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். ஒருவரோடு பல வருஷம் ஒரே தட்டில் பொராட்டா பிய்த்துத் தின்றிருந்தும் அவரைப் பற்றி அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் கிளம்பும்போது, டாலிச் சக்கரம் மாட்டிய ரதம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. முதுகில் குத்திய கொக்கிகளில் கயிறு லேசாக இழுத்தது, அவ்வளவுதான். பாதி வழி தாண்டியதும் பாரம் கூடியது. வலது பக்கத் தோல் மட்டும் இழுபட்டது. டோபி காட் வருவதற்குள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். வொர்க்‌ஷாப்பில் ஒரு டாலி லேசாக இழுத்தால்கூட நான் குனிந்து சக்கரத்தைப் பார்ப்பவன். ஆனால் அன்றைக்குப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவே இல்லை. முருகன் சோதிக்கிறான், இன்னும் இழு இன்னும் இழு என்கிறான் என்று நினைத்தேன். பின்னால் வந்த மச்சானும் அப்படித்தான் நினைத்து, "விடாதீங்க மாமா, வேல் வேல்!" என்று கத்தினார். டேங்க் ரோட்டுக் கோயிலில் அலகைப் பிடுங்கி விபூதி வைத்த பிறகு, ரதத்தைக் கவிழ்த்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது. சரத்திலிருந்து அறுந்து தொங்கிய மல்லிகை நூல் வலது பின் சக்கரத்து அச்சில் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. சக்கரம் உருளவே இல்லை. எவ்வளவு தூரமோ, தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஒரு பக்கம் மழுங்கிவிட்டது. மற்ற மூன்றும்கூட ரோட்டுக் கல்லில் சொரசொரத்துப் போயிருந்தன.

திங்கட்கிழமை விடியும்போதே போய்க் கடையைத் திறந்து நாலையும் மாட்டினேன். கைக்கு வந்த நூலைப் பிய்த்தேன். அவசரத்தில் உள்ளே இருந்தது அப்படியே நின்றுவிட்டது. முதுகு எரிந்தது. அந்த மழுங்கிய சக்கரத்தைச் சட்டத்தின் உள்பக்கமாக, கண்ணுக்குப் படாத மூலையில் வைத்தேன். பாய் வந்தார், சாவியை வாங்கினார், "முதுகு எப்பிடிண்ணே இருக்கு? வீட்டுல அக்கா எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டார். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனேன்.

பத்து மணி இருக்கும். டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவின் கார். சனிக்கிழமைதான் கதவுக்குப் பெயின்ட் அடித்து முடித்திருந்தோம். அதைச் சுவரோரம் தூண் பக்கமாகத் தள்ளி வைக்க வேண்டும். நாலு டாலியும் ஏற்றி நான் தோளைக் கொடுத்தேன். பாதியில், தரையில் சிமெண்டு இணைகிற கோட்டில், அந்த டாலி நின்றுவிட்டது. எந்த டாலி, எந்தச் சக்கரம் என்று எனக்கு மட்டும் தெரியும். பாய், "இருங்கண்ணே, ஹோஸ் கெடக்கு" என்று சொல்லிவிட்டு, காருக்கும் தூணுக்கும் நடுவில் கிடந்த காற்றுக் குழாயை எடுக்கக் குனிந்தார். டாலியில் கார் ஏறியிருக்கும்போது நடுவில் ஆள் நிற்கக்கூடாது, ஆள் நின்றால் காரைத் தொடக்கூடாது. அது பாய் வைத்த சட்டம்தான். எனக்கும் தெரியும். ஆனால் சக்கரம் நிற்பதை யாராவது குனிந்து பார்ப்பதற்குள் அதைத் தாண்டிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில், நான் மறுபடியும் முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளினேன்.

நின்றது சட்டென்று விடுபட்டது. டாலி சுழன்றது. டயர் டாலியின் ஒரு கையிலிருந்து வழுக்கியது. கார் ஒரே ஆட்டமாகத் தூண் பக்கம் சாய்ந்து போய் டொம்மென்று மோதியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பாய் தூணுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்படி நழுவினார் என்று அவருக்கே தெரியவில்லை. கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். எல்லாம் இருந்தது. அவருடைய கண்ணாடி மட்டும் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் அப்பளமாக நொறுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

தவுக்கே மாடியிலிருந்து இறங்கி வந்தார். எங்களோடு அவர் சந்தை மலாயில்தான் பேசுவார், நான் தமிழில் சொல்கிறேன். காரைப் பார்த்தார், டாலியைப் பார்த்தார், பாயிடம் திரும்பினார். டாலி யார் பொறுப்பு? ஃபோர்மன் பொறுப்பு. சனிக்கிழமை பார்க்காமல் போனது யார்? ஃபோர்மன். கல்யாணத்துக்குப் போனியா? சரி, போய்க்கொண்டே இரு, வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடு, பெயின்ட் அடிக்கிற பையன் கடையைப் பார்த்துக்கொள்ளட்டும். பாய் ஒரே வார்த்தைதான் பேசினார். "சக்கரம் தேஞ்சு போச்சுன்னு மூணு தடவ சொன்னேன்." தவுக்கே மாடிக்குப் போய்விட்டார். ஆனால் அன்றைக்கே பதினாறு சக்கரத்துக்கும் ஆர்டர் போனது.

நான் வாயைத் திறக்கவில்லை. திங்கள், செவ்வாய், புதன். அந்த மூன்று நாளும் சாவிக் கொத்து சத்தம் கேட்கும்போதெல்லாம் முதுகுப் புண்ணில் உப்பு பட்ட மாதிரி இருந்தது. சொன்னால் என் வேலை போகும். மனைவிக்கு மாதாமாதம் மருந்து. சொல்லாவிட்டால் பாயின் சாவி போகும். கார் கழுவிய கையால் சம்பாதித்த சாவி அது. வீட்டில் மனைவி, "நேர்த்திக்கடன் முடிஞ்சும் ஏன் இப்பிடி மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். ரதம் இழுத்த களைப்பு என்றேன்.

வியாழக்கிழமை மத்தியானம் புதுச் சக்கரங்கள் பெட்டியில் வந்து இறங்கின. பாய் என்னைத்தான் கூப்பிட்டார். ரெண்டு பேரும் தரையில் அட்டையை விரித்து உட்கார்ந்தோம். புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை, வெறும் முகத்தோடு இருந்தார். கண்ணாடி இல்லாத பாயை அந்த வாரம்தான் முதல் தடவை பார்க்கிறேன், சின்னப் பையன் மாதிரி இருந்தார். நான் போல்ட்டைத் தளர்த்துவேன், அவர் சக்கரத்தை எடுத்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு ஓரமாக வைப்பார். புதுசை எடுத்துப் பழையதன் பக்கத்தில் வைத்து உயரம் பார்ப்பார், அடித்தகட்டு ஓட்டை சரியாக உட்காருகிறதா என்று பார்ப்பார், பிறகு மாட்டுவோம். ஒரு டாலி முடிந்தது. ரெண்டு, மூன்று. நாலாவதாக அந்த டாலியைக் கவிழ்த்தார். என் கை போல்ட்டின் மேலேயே நின்றது. அவரே ஸ்பேனரை வாங்கிக் கழற்றினார். மழுங்கிய பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். மூக்கு பிளையரை உள்ளே விட்டு எதையோ இழுத்தார். சக்கரத்தையே மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு அதை என் மடியில் வைத்தார்.

"அண்ணே, கண்ணாடி இல்ல. உள்ள என்னமோ சுத்திக் கெடக்கு. என்னான்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

முடி என்று சொல்லியிருக்கலாம். துணி நூல் என்று சொல்லியிருக்கலாம். கண் தெரியாத மனுஷன், நான் சொன்னால் நம்பிவிடுவார். நான் குனிந்து பார்த்தேன். காய்ந்து பழுப்பான மல்லிகை ஒன்று நூலோடு நசுங்கி ஒட்டியிருந்தது. குங்குமம் பட்ட சிவப்புக்கூட இருந்தது. நம்பிவிடுவார் என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"பூக் கட்டின நூலு பாய்" என்றேன். "மல்லியப்பூ."

"நம்ம கடைக்கு எங்கேருந்து வந்துச்சு மல்லியப்பூ?"

"சிராங்கூன் ரோட்டுலேருந்து. டேங்க் ரோடு வரைக்கும் நான்தான் இழுத்துட்டுப் போனேன். சனிக்கிழம நீங்க சாவிய குடுத்துட்டுப் போனப்பறம் கழட்டினேன்." அதற்கு மேல் எல்லாம் தானாகவே வந்தது. சிமெண்டுக் கோட்டில் நின்றபோது தெரிந்தே தள்ளினேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

பாய் கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் எதையாவது துடைப்பார். பிறகு, "தள்ளினதுக்கு ஒங்கள ஒரு அற விடணும் போல இருக்கு. வயசுல பெரியவங்களாப் போயிட்டீங்க" என்றார். இன்னும் கொஞ்சம் துடைத்தார். "கேட்டிருக்கலாமேண்ணே. சாமி காரியம்னா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்? எங்க வாப்பா ஊருல சந்தனக்கூடு இழுக்கிறதுல பாதி பேரு ஒங்காளுங்க. கேட்டிருந்தா அச்சுல பூ சுத்தாம ஒரு தகடு வச்சு நானே மாட்டிக் குடுத்திருப்பேன்." நான் எழுந்தேன். "எங்க போறீங்க?" "தவுக்கேகிட்ட." "போலாம். மொதல்ல இந்த நாலையும் மாட்டி முடிங்க. வேலய பாதியில விட்டுட்டுப் போனா அதுக்கும் நாந்தான் திட்டு வாங்கணும்."

மாட்டி முடித்தோம். அதே டீச்சரம்மாவின் காரை ஏற்றிப் பார்த்தோம். பாய் ரெண்டு விரலை வைத்துத் தள்ளினார். கார் சத்தமே இல்லாமல் அந்தச் சிமெண்டுக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. ரெண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் நெஞ்சிலிருந்தும் ஏதோ ஒன்று அப்படியே உருண்டு போன மாதிரி இருந்தது. வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது.

மாடியில் தவுக்கே, சிவப்பு விளக்கு எரிகிற அவருடைய சாமி மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அலாமாக்! சாமிய தூக்கிட்டுப் போன சக்கரமா? அதத் திரும்பக் கொண்டாந்து கஸ்டமர் காருக்கு அடியில போட்டியா?" என்று கத்தினார். எடுத்துக்கொண்டு போனதற்குத் திட்டுவார் என்று நான் நின்றால், அவர் திரும்பக் கொண்டுவந்ததற்குத் திட்டுகிறார். சாமி மேடையில் ஊதுபத்தி செருகிய சாம்பல் கிண்ணத்தைக் காட்டினார். "இதுல நீ சிகரெட் தட்டுவியா? தட்டுவியா, சொல்லு! சாமிக்குக் கோவம் வராதா? அதான் காரு போகமாட்டேன்னு நின்னுச்சு! பொடோ! முட்டாள்!" வாசலில் நின்ற பாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாமி ஏறாட்டியும் ரெண்டு மாசத்துல அது போயிருக்கும் தவுக்கே. மூணு தடவ கேட்டேன்" என்றார். தவுக்கே அவரை முறைத்தார். கொஞ்ச நேரம் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு பாயின் இடுப்பைப் பார்த்து, "அந்தச் சாவி அங்கயே இருக்கட்டும்" என்றார்.

எனக்குத் தண்டனை ரெண்டு. வர்ற ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அந்தக் கதவைத் தட்டி, தேய்த்து, மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். ஒரு வருஷம் சனிக்கிழமைதோறும் பதினாறு சக்கரத்தையும் நான்தான் சுத்தம் பண்ண வேண்டும். இன்னொன்றும் சொன்னார். அந்த நாலு சக்கரமும் பழைய இரும்போடு போகக்கூடாது, மரியாதையாக வீட்டுக்குக் கொண்டுபோ. மூன்று, ரதத்தோடு மச்சான் வீட்டுக்குப் போயின. மழுங்கியது என்னோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போனபோது பாய் ஏற்கெனவே வந்து கதவுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். "ஒங்கள நம்பி பெயின்ட் கன்ன குடுக்க முடியுமா?" என்றார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

இப்போது அந்த வொர்க்‌ஷாப் இல்லை. தவுக்கே இல்லை. பாய் இருக்கிறார், ரெண்டு புளோக் தள்ளி. போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். மகள்கள் வேலைக்குப் போயிருந்ததால் நான்தான் துணைக்குப் போனேன். டாக்டர் ஒரு இளம் பெண், தமிழ்ப் பிள்ளை. எப்போதிலிருந்து கண்ணாடி, எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டது. பாய் சொன்னார்: "சின்ன வயசுலேருந்து தூரத்துலதாம்மா ஒண்ணும் தெரியாது. கிட்டக்க நல்லாத் தெரியும். கண்ணாடிய கழட்டினா இன்னும் நல்லாத் தெரியும், ஊசியில நூல் கோப்பேன்." அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே, இனிமேல் தலைகீழாக இருக்கும் அங்கிள், லென்ஸ் வைத்த பிறகு தூரம் நன்றாகத் தெரியும், கிட்டே பார்க்கத்தான் கண்ணாடி வேண்டும் என்றது. நான் பக்கத்து நாற்காலியில் அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருகாணி பார்க்கக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிற பாய் கண்முன் வந்தார். மூக்குக்குக் கிட்டே சக்கரத்தைக் கொண்டுபோன பாய் வந்தார். இருபது வருஷம் கழித்து அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "பாய், அன்னைக்குச் சக்கரத்துக்குள்ள என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியாம? பூ மட்டுமா, குங்குமமும் தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் என்னப் பாக்கச் சொன்னீங்க?"

ஒரு கண்ணில் மூடி போட்டிருந்தார். மற்ற கண்ணால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் பாத்தா நான்ல சொல்லணும். அது நல்லாவா இருக்கும்? நீங்க பாத்தா நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன். சொல்லிட்டீங்க."

நம்பிவிடுவார் என்று நான் பயந்தேன். அவர் வேறு விதமாக நம்பியிருக்கிறார். வருத்தம் எதுவும் இல்லை. ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த அறையில் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

போன வாரம் பாய்க்கு மற்ற கண்ணிலும் லென்ஸ் வைத்தார்கள். நேற்று பாய் வீட்டுக்கு வந்தார். லிஃப்ட்டிலிருந்து இறங்கும்போதே வராந்தாவின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, "அக்கா, ஒங்க வீட்டுக் காலண்டர் தேதி இங்கேருந்தே தெரியுது!" என்று சத்தம் போட்டார். என் மனைவி சிரித்துக்கொண்டே டீ போடப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கதவுக்கு அடியில் இருந்த சக்கரத்தைக் காலால் லேசாகத் தொட்டார். "இன்னும் ஓடுதா?" என்றார். "நிக்கிது பாய், அதான் அதுக்கு வேல" என்றேன். டாக்டர் குனியக்கூடாது என்று சொல்லியிருப்பதால் நான்தான் எடுத்து அவர் கையில் கொடுத்தேன். காற்றில் கதவு அசைந்தது, அதை முதுகால் தாங்கிக்கொண்டு நின்றேன். பாய் கட்டைவிரலால் அந்த ஒட்டிய கன்னத்தைத் தடவினார். பழக்கத்தில் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். புருவத்தைச் சுருக்கினார், தள்ளிப் பிடித்தார், மறுபடி கிட்டே கொண்டுபோனார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"இப்ப நெசமாவே தெரியலண்ணே. நீங்களே பாத்துச் சொல்லுங்க, உள்ள ஏதாச்சும் இருக்கா?"

நான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல பாய்" என்றேன். "சுத்தமா இருக்கு."